வெற்றிலை வைத்து அழைத்த பாத்ரூம்

வத்தல்பேட்டையில் உப்புக்கிடங்குத் தெரு என்று ஒன்று உண்டு, அந்தத் தெருவில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் மிளகாய் வத்தல் வியாபாரிகள், மூட்டை அடுக்க நீளம் இருந்தால் போதும், அகலம் எதற்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைக்க, பன்னிரண்டடி அகலத்தில் நூற்றுநாற்பதடி நீளத்துக்கு வரிசையாக வீடுகளைக் கட்டிப் போட்டுவிட்டு அவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் கேட்காது, கொல்லையில் இருப்பவர் வந்து கையெழுத்துப் போடுவதற்குள் தபால்காரர் எதிர்வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு அரசியலும் பேசி முடித்துவிடுவார். பிறகு மூட்டைகள் போயின, வியாபாரம் வேறு ஊருக்குப் போனது, வீடுகள் மட்டும் அதே நீளத்தில் கிடந்தன, அந்த நீளத்தின் கடைக்கோடியில், கிணற்றையும் துவைகல்லையும் தாண்டி, பின்சந்துச் சுவரை ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாத்ரூம் இருந்தது.

அது கடைக்கோடியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டியவர்கள் உறுதியாக நம்பினார்கள். அப்போது அவர்களுக்கு முப்பது வயது, முழங்கால் என்று ஒன்று உடம்பில் இருப்பதே தெரியாத வயது. முப்பது வயதுக்காரர் கட்டிய வீட்டில் எழுபது வயதுக்காரர் குடியிருக்க வேண்டி வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் அந்தத் தெருவின் நடுவீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் கணவர் தவமணி அண்ணாச்சி வத்தல் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நின்றே காலத்தைக் கழித்தவர், மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லுவார், சொன்னதில் கால் கிலோ முன்பின் இருந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் மாசி மாதத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷன் செய்து கம்பி வைத்து, ஒரு வாக்கரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். அங்கிருந்து பாத்ரூமுக்கு நூறடி, நடுவில் மூன்று நிலைப்படிகள், இரண்டு இறக்கம், ஒரு வெயில் முற்றம்.

நாளைக்கு ஐந்து தடவை அண்ணாச்சி வாக்கரை எடுத்து வைக்க, தோளில் துண்டோடு தங்கபுஷ்பம் பின்னால் போவாள், ஒவ்வொரு நிலைப்படியிலும் அவரைத் தாங்கித் தாண்டவைப்பாள், கடைசியில் பாத்ரூம் கதவைச் சாத்தாமல், முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு வெளியே நிற்பாள். உள்ளே விழுந்துவிட்டால் தாழ்ப்பாளை யார் உடைப்பது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஊர்க்கதை, உறவுக்கதை, வயிற்றுக்கோளாறு என்று அவர்கள் இருவரும் பேசாத விஷயம் உலகத்தில் இல்லை, ஆனால் அந்தத் திறந்த கதவைப் பற்றி மட்டும் இரண்டுபேருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, அண்ணாச்சி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், செம்பும் காலியாகத்தான் திரும்பி வரும், ஜன்னலுக்கு வெளியே சுவர் ஓரத்தில் தானாக முளைத்த முருங்கைக்கன்று மட்டும் கோடையிலும் தளதளவென்று ஆளுயரம் வளர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கு விஷயம் விளங்கியது. "தண்ணி குடிக்கலேன்னா சிறுநீரகம் படுத்துரும், அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் மகன் தினகர் நல்ல பிள்ளை, அவன் போனில் சத்தம் போடவில்லை. "அம்மா, இங்க அப்பா கட்டில்ல இருந்து மூணு எட்டு வச்சா பாத்ரூம். ஆடி பிறந்துட்டா வீடு மாறக் கூடாதுன்னு நீங்களே சொல்லுவீங்க. ஆனி கடைசி ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றேன்" என்றான். அண்ணாச்சி "சரிப்பா" என்றார். சொன்ன அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடி திரும்பிப் படுத்துக்கொண்டார், அந்த முதுகுக்குத்தான் தங்கபுஷ்பம் தினமும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள்.

முன்கட்டிலேயே ஒரு பாத்ரூம் கட்டலாமா என்று அவள் குழாய் வேலை பார்க்கும் சேவியரைக் கூப்பிட்டுக் கேட்காமல் இல்லை. சேவியர் வீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போனான், அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்து வந்தான், மூச்சு வாங்கினான். "சாக்கடை லைன் பின்சந்துலல்ல ஓடுது அக்கா. முன்னாடி கட்டணும்னா வீடு பூராவும் தோண்டணும். ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் அண்ணாச்சி எங்க போவாக?" என்றான்.

இப்படி இருக்கையில் ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், எதிர்வீட்டுப் பவுன்தாய் தன் பேரனின் காதுகுத்துக்கு அழைக்கப் போக, துணைக்குத் தங்கபுஷ்பமும் போனாள். முப்பத்தொரு வீடு ஏறி இறங்கி, முப்பத்தொரு வீட்டிலும் குங்குமம் கொடுத்து வெற்றிலைபாக்கு வைத்து, ஒரே வாசகத்தை ஒப்பித்துவிட்டு, மிச்சத் தட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணாச்சி அடக்கமாட்டாமல் எழுந்து உட்கார்ந்திருந்தார். தட்டைக் கூடக் கீழே வைக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு நூறடி போனாள். வழக்கம்போலக் கதவு திறந்திருக்க, வழக்கம்போல வெளியே நின்றாள், கால் கடுத்தது, கையில் தட்டு இருந்தது, முப்பத்தொரு தடவை சொன்ன வாய் நிற்கமாட்டேன் என்றது. நிலையில் குங்குமத்தை இட்டாள், படியில் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்தாள், "எங்க வீட்டுல விசேஷம். முன்கட்டுக்குக் குடும்பத்தோட வந்துரணும். சாக்குப்போக்குச் சொல்லக் கூடாது" என்றாள்.

"யார்ட்டப் பேசுற?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அண்ணாச்சி.

"யார்ட்டயும் இல்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க."

மறுநாள் காலையில் அவள் அடுப்பில் அரைலிட்டர் பாலை வைத்தாள், பால் பொங்கியது, இறக்கினாள், கொல்லைக்குப் போனால் பாத்ரூம் ஏழடி முன்னால் வந்து நின்றது. பின்சந்துச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஏழடிக்குப் புதுசாக ஒரு வெற்றிடம், தரையில் கீறல் இல்லை, ஓடு கலையவில்லை, நிலையில் இட்ட குங்குமம் அப்படியே இருந்தது. குடும்பத்தோடு என்று அழைத்துவிட்டாள் அல்லவா, துவைகல்லும் கூடவே ஏழடி நகர்ந்திருந்தது, துணி காயப்போடும் கம்பியும், வாளியும், காது உடைந்த மக்கும்கூட வந்திருந்தன. "நடை ஏழடி குறைஞ்சுருக்கு" என்றார் அண்ணாச்சி, எடை சொல்லும் அதே குரலில். "ஆமா" என்றாள் தங்கபுஷ்பம், அவரைத் தாங்கிப் படி ஏற்றினாள்.

சனிக்கிழமை இன்னொரு ஏழடி. ஞாயிறு இன்னொரு ஏழடி. பால் அடுப்பில் இருக்கும் நேரத்தில்தான் அது நடக்கிறது என்பதும், பாலைவிட்டுக் கண்ணெடுத்து யாராவது எட்டிப் பார்த்தால் பால் வழிந்துவிடுகிறது, பார்த்தவருக்கும் எதுவும் தட்டுப்படுவதில்லை என்பதும் நான்கே நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரு என்ன செய்யும், காலையில் தூக்குவாளியோடு பால்காரரிடம் வந்தவர்கள் அப்படியே உள்ளே நுழைந்து, "எதுவரைக்கும் வந்துருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள், கல்யாணக் கோஷ்டியின் பஸ் எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று கேட்பதைப்போல. "கெணத்தத் தாண்டிருச்சு", "முத்தத்துல நிக்குது", "நாளைக்கு அடுப்படிக்கு வந்துரும்" என்று தங்கபுஷ்பமும் அலுக்காமல் பதில் சொன்னாள். நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்து பார்த்தார், வரைபடத்தில் மையால் எழுதுவது சரிப்படாது என்று பென்சிலை எடுத்து, பாத்ரூம் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டு, "வந்துகொண்டிருக்கிறது" என்று குறித்துக்கொண்டு போனார்.

சேவியருக்குத்தான் வேலை. காலையில் பால் இறக்கிய கையோடு அவன் ஏழடிக் குழாயும் பசையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், குழாய் போவதற்குத் தரை தானாகவே ஒரு வாய்க்கால் விட்டுக் கொடுத்திருக்கும், அவன் மட்டப்பலகை வைத்துச் சரிவு பார்த்துப் பொருத்த வேண்டியதுதான். இது எப்படி நடக்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. "எப்படி வந்தாலும் சரி அக்கா, சரிவு ஒழுங்கா இருந்தா கழிவு போயிரும்" என்பதுதான் அவன் கொள்கை. நான்காம் நாள் அவனே ஒரு யோசனை சொன்னான். "அழைச்சு வர்றவுகளுக்குப் புதுத்துணி எடுத்துக் குடுப்போம்ல. இதுக்கும் ஏதாவது செய்யணும்ல அக்கா." அதுவும் சரியாகத்தான் பட்டது. வழியில் நிற்கும்போதே பழைய பீங்கானைப் பெயர்த்து உயரமான கமோடு வைத்தார்கள், வழவழத்த தரையை எடுத்துவிட்டுச் சொரசொர டைல்ஸ் போட்டார்கள், சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி அடித்தார்கள், உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். புதுத்துணி உடுத்திய விருந்தாளி மறுநாள் அரை அடி கூடுதலாகவே நடந்தது என்று சேவியர் சாதித்தான், அண்ணாச்சி இல்லை, சரியாக ஏழடிதான் என்றார்.

இதைப் பார்த்துக்கொண்டு தெரு சும்மா இருக்குமா. பழைய வீட்டில் தொந்தரவு இல்லாத மூலை எது, எல்லார் வீட்டிலும் வெற்றிலைத்தட்டு வெளியே வந்தது. ஏணி போட்டால்தான் எட்டும் என்றிருந்த சுவிட்ச் பலகையை ஒருவர் அழைத்தார், அது நான்கு நாளில் சுவரோடு வழுக்கிக்கொண்டு இடுப்புயரத்துக்கு இறங்கி வந்தது. நாள்தோறும் கால் இடித்த நிலைப்படிக்கு ஒருத்தி குங்குமம் வைக்க, அது கூச்சப்பட்டதைப்போல மெல்ல மெல்லத் தரைக்குள் அமுங்கியது. பவுன்தாய் தன் அடுப்பு மேடையை அழைத்தாள், குனிந்து குனிந்து சமைத்தே அவளுக்கு முதுகு போயிருந்தது, மேடை ஒருவாரத்தில் அரையடி உயர்ந்து, போதும் என்று அவள் சொன்ன இடத்தில் நின்றது. வரவே வராமல் போனவையும் உண்டு. மேலத்தெருவில் ஒருவர் நேரம் இல்லை என்று தன் மாடிப்படிக்கு வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பினார், மாடிப்படி அசையவில்லை. நேரில் போகாமல் யாராவது வருவார்களா என்று ஊர் அவரைத்தான் குறை சொன்னது. ராகுகாலத்தில் அழைத்த ஒரு ஜன்னல் பாதி வழியில் நின்றுவிட்டது, இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, பாத்ரூம் முற்றத்தைத் தாண்டி, பக்க நடைக்குள் நுழைந்து, அடுப்படி வாசலையும் கடந்து வந்தது. நடை குறுகல்தான், சுவர்தான் பஸ்ஸில் பிள்ளைக்காரிக்கு இடம் விடுவதைப்போலக் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தது. அடுப்படியை மறித்து நின்ற அன்றைக்குப் பவுன்தாய் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. இனி சாமி ரூமைத் தாண்டினால் இருபத்தோரடி, மூன்று நாள், அண்ணாச்சியின் அறை வாசல். தங்கபுஷ்பம் மனசுக்குள் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டாள், அந்தச் சந்தோஷத்தில் அண்ணாச்சிக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பால் பொங்கியது, பாத்ரூம் நகரவில்லை. புதனும் நகரவில்லை. வியாழனும் நகரவில்லை. சாமி ரூம் வாசலுக்கு ஓரடி முன்னால், யாராவது கூப்பிட்டால் உள்ளே வரலாம் என்று தயங்கி நிற்கும் ஆளைப்போல அப்படியே நின்றது. சேவியர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடைப்பு இல்ல அக்கா. வேற என்னமோ" என்றான். ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது. அங்கேயே நின்றாலும் முன்னைவிடக் கிட்டம்தானே என்று கேட்கலாம், ஆனால் நடுவில் ஒரு நிலைப்படி மிச்சம் இருந்தது, அதைத் தாண்ட ஆள் துணை வேண்டும், ஆள் துணை வேண்டும் என்றால் திறந்த கதவும் வேண்டும், திறந்த கதவு இருக்கும்வரை அண்ணாச்சி தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பவுன்தாய்தான் வந்து கேட்டாள். "புஷ்பம், மொத வெத்தலைய ராஜகனி மதினிக்கு வச்சியா?"

தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் வெற்றிலை அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு, கட்டிக்கொடுத்து எந்த ஊரில் இருந்தாலும் அவளுக்கு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. விசேஷம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் உடன்பிறந்த அக்காவை விட்டுவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முதல் வெற்றிலை வைத்திருக்கிறாள்.

"மதினி கோவமா இருக்காகளாம். 'சாமி ரூம் வாசல்ல கக்கூஸா, நான் உசுரோட இருக்கும்போதா'ன்னு கேட்டாகளாம்" என்றாள் பவுன்தாய்.

உண்மையைச் சொன்னால், தங்கபுஷ்பத்துக்கு ராஜகனியை அழைக்கவே மனசில்லை. நான்கு தெரு தள்ளித்தான் மதினி இருக்கிறார்கள், ஆறு வருஷமாக இந்த வீட்டில் ஒரு பொழுது தங்கினதில்லை. தம்பி ஆபரேஷன் முடிந்து வந்தபோதுகூட நாற்காலி நுனியில் இருபது நிமிஷம் உட்கார்ந்தார்கள், காபி வேண்டாம் என்றார்கள், மோர் வேண்டாம் என்றார்கள், வைத்த தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் எழுந்து போனார்கள். நம் வீட்டுப் பச்சைத்தண்ணீர்கூட அவர்களுக்கு ஆகாது என்று அன்றைக்கு அழுதவள் தங்கபுஷ்பம். ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், தன் மானத்தைவிட அவர் முதுகு அவள் கண்ணுக்குள் பெரிசாக நின்றது.

ராஜகனிக்கு எழுபத்தைந்து வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தட்டைப் பார்த்தார்கள். "கக்கூசுக்கு அப்புறம்தான் எனக்கு வெத்தலையா?" என்றார்கள்.

"தப்புதான் மதினி. வேணும்னு செய்யல."

"நான் பொறந்த வீடு அது. சாமிக்கு முன்னாடி அதக் கொண்டுபோய் நிறுத்திருக்க."

தங்கபுஷ்பம் சமாதானம் எதையும் ஜோடிக்கவில்லை. "உங்க தம்பி தண்ணி குடிக்க மாட்டேங்குறாக மதினி. நாலு மாசமா. நான் கதவத் தொறந்து வச்சுட்டு நிக்குறேன்ல, அது அவுகளுக்குப் பொறுக்கல. ஞாயித்துக்கிழமை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறான் தினகர். இவுக அங்க இருக்க மாட்டாக, எனக்குத் தெரியும்" என்றாள்.

ராஜகனி தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு, "நாளைக்கு வர்றேன். ஆனா சாமி ரூமத் தாண்ட விட மாட்டேன், அத மட்டும் மனசுல வச்சுக்கோ" என்றார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. தெருவே பின்னால் வந்தது. ராஜகனி முன்கட்டில் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிற்காமல் நடைக்குள் போய், சாமி ரூம் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, பாத்ரூமை எடுத்த எடுப்பில் வையத் தொடங்கினார்கள், இந்த வீட்டில் உனக்கென்று ஒரு இடம் கொடுத்திருந்ததா இல்லையா, இத்தனை வருஷம் அங்கே இருந்தாயா இல்லையா, எந்தத் தைரியத்தில் அடுப்படியைத் தாண்டி வந்தாய் என்று பெரியவர்களின் தோரணையில் வசவு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் சட்டென்று நின்றது. ராஜகனியின் முகம் ஒருமாதிரி ஆனது. பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்கள், பாத்ரூமைப் பார்த்தார்கள், தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தெரு மரியாதையாகக் கூரையைப் பார்த்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்த ராஜகனியின் முகத்தில் தண்ணீர் சொட்டியது.

"கைப்பிடி அடிச்சது யாரு?"

"நான்தாம்மா" என்றான் சேவியர்.

"இன்னும் அரையடி கீழ அடி. பொம்பளை உயரத்துக்கு யோசிக்கவே மாட்டீங்களா? தாழ்ப்பாளும் மாத்து, உள்ள போட்டாலும் ஆபத்துக்கு வெளிய இருந்து தொறக்குற மாதிரி ஒன்னு விக்குதாம், என் பேத்தி சொன்னா." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்கள், இந்தத் தடவை நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. "புஷ்பம், ஒரு செம்புத் தண்ணி கொண்டா."

தங்கபுஷ்பம் கொண்டுவந்தாள். ராஜகனி அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார்கள். பிறகு தணிந்த குரலில், பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்கள். "ஆறு வருஷமா எனக்கு முழங்கால் மடங்காது. அம்புட்டுத் தூரம் நடந்து, குத்துக்கால் போட்டு உக்கார முடியாது. அதான் உன் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன். பொறந்த வீட்டுல போயி இத எப்படிச் சொல்ல?"

ஆறு வருஷம் மதினியைத் தங்கபுஷ்பம் என்னென்ன நினைத்தாளோ அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது, வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள், மதினியும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அப்போ சாமி ரூம்?" என்று பவுன்தாய் மெல்ல ஞாபகப்படுத்தினாள்.

"அதுக்கென்ன. கோயில்ல அபிஷேகத்துக்குத் திரை போடலையா? திரை போட்டா சாமி பாக்காது" என்றார்கள் ராஜகனி, ஊர் முழுக்கத் தான் சொல்லித் திரிந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததைப்போல. தங்கபுஷ்பத்தின் கல்யாணச் சேலையை எடுத்து வரச்சொல்லிச் சாமி ரூம் வாசலில் கட்டினார்கள், தட்டை வாங்கிப் பாத்ரூம் நிலையில் தன் கையால் குங்குமம் இட்டு, "வா. பொறந்த வீட்டுக்காரி கூப்பிடுதேன்" என்றார்கள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "ஒரு நாளைக்கு ஏழடின்னா, பாக்கி இருவத்தொண்ணுக்கு மூணு நாளாகுமே. நாளைக்கு வேன் வருதுல்ல?"

எல்லாரும் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள்.

"பால் அடுப்புல இருக்குற நேரந்தான நடக்குது? பெரிய பாத்திரத்துல வை. அஞ்சு லிட்டர் வாங்கு, கொறைஞ்சுரக் கூடாது" என்றார்கள் ராஜகனி.

முன்கட்டு அறையிலிருந்து ஒரு குரல் வந்தது, நாலு மாசமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத தெம்போடு. "அக்கா, ஒன்றரை லிட்டர் போதும். அஞ்சு லிட்டர் வச்சா தெருவுல போயி நிக்கும்." அண்ணாச்சி சுவரை விட்டுத் திரும்பிப் படுத்திருந்தார்.

அன்றிரவு ராஜகனி அந்த வீட்டிலேயே தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் ஒன்றரை லிட்டரைச் சரியாக அளந்து அடுப்பில் வைத்தாள், ராஜகனி பக்கத்தில் நின்று தீயைக் குறைக்கச் சொன்னார்கள், கூட்டச் சொன்னார்கள், மறுபடி குறைக்கச் சொன்னார்கள், இருவரும் பாலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, பின்னால் நடையில் சேலை உரசுவதைப்போல ஒரு சத்தம் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. பால் பொங்கியது. திரும்பிப் பார்த்தால், கடைசி நிலைப்படியையும் தாண்டி, அண்ணாச்சியின் கட்டிலிலிருந்து ஆறு எட்டில், புது டைல்ஸும் புதுத் தாழ்ப்பாளுமாகப் பாத்ரூம் வந்து சேர்ந்திருந்தது, குடும்பமும் வந்திருந்தது, துவைகல் ஹாலின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. சேவியர் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வந்து கடைசிக் குழாயைப் பொருத்தினான்.

எட்டரைக்கு வேன் வந்தது. தினகர் அட்டைப்பெட்டிகளோடும் இரண்டு ஆட்களோடும் உள்ளே நுழைந்து, துவைகல்லில் இடித்துக்கொண்டு, "அத்தை, நீங்க எப்போ வந்தீங்க?" என்றான். பாதித் தெரு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். காலையிலேயே இரண்டு செம்பு தண்ணீர் குடித்திருந்தார், அதன் வேலை. தினகர் ஓடிப்போய்த் தோளைப் பிடிக்கப் போனான். "யாரும் வர வேண்டாம்" என்றார் அவர். வாக்கரை எடுத்து வைத்தார், ஒன்று, இரண்டு, மூன்று, காபி டம்ளர்கள் எல்லாம் பாதியில் நின்றன, நான்கு, ஐந்து, ஆறு. கதவைத் திறந்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். அடுத்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தோளில் துண்டோடு தங்கபுஷ்பம் பழக்கத்தில் கதவை நோக்கி நகர்ந்துவிட்டாள். ராஜகனி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். எல்லாரும் சேர்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தினகர், அட்டைப்பெட்டி ஆட்கள், சேவியர், பவுன்தாய்.

"இத்தனை பேர் வெளிய நின்னா எனக்கு எப்படி வரும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போயி அவுகவுக வேலையப் பாருங்க."

ஹால் முழுக்கச் சிரித்தது, ராஜகனி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. தினகர் சாத்திய கதவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஆட்களிடம் திரும்பி, பெட்டி கட்ட வேண்டாம், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றான். தங்கபுஷ்பம் துண்டைக் கதவுக் கொண்டியில் மாட்டினாள், கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், நாலு மாசத்தில் முதல்முறையாக அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி, இட்லி ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.